வாரம் ஒண்ணா, ஒரு வாரமா

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசர். சைன் லாங்வேஜ் கத்துக்கணும்னு எனக்கு எந்த லட்சியமும் இருந்ததில்லீங்க, மொதல்லயே சொல்லிடறேன். 60 பீஸ் ஆல்டர் வந்துச்சு, அதாவது தப்பா அடிச்சுத் திருத்த வேண்டிய பீஸ், அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

எங்க லைன்ல ஃப்ளாட்லாக் தையல் மெஷின் ஓட்டற அண்ணன் ஒருத்தருக்குக் காது கேக்காது, பொறந்ததுல இருந்தே. கை அவ்ளோ சுத்தம், அவர் அடிச்ச பாட்டம்ல, அதான் பனியனோட அடி மடிப்புல, ஒரு பிசிறு பாக்க முடியாது. ஒருநாள் நேவி கலருக்கு மட்டும் பாட்டம் ஃபோல்டிங் முக்கா இன்ச் வேணும்னு மாத்திச் சொல்லிட்டாங்க. நான் போய் வாயை அகலமா தெறந்து கத்திச் சொல்லிப் பாத்தேன், அப்புறம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், "முன்னாடி அரை இன்ச் அடிச்ச மாதிரி இல்லாம நேவிக்கு மட்டும் முக்கா இன்ச் வெச்சு அடிங்க"ன்னு. படிச்சாரு, தலையாட்டினாரு. சாயங்காலம் டீ டைம்ல எடுத்துப் பாத்தா 60 பீஸும் அரை இன்ச். நான் கத்தின கத்து அவருக்குத்தான் கேக்கல, லைன்ல மத்த எல்லாருக்கும் கேட்டுச்சு. "புரியலன்னா எதுக்குத் தலையாட்டறீங்க"ன்னு விரலை நீட்டி நீட்டிக் கேட்டேன். அதுக்கும் தலையாட்டினாரு.

பக்கத்துல துணி மடிச்சிட்டு இருந்த அக்காதான் சொன்னாங்க, அம்மிணி அவருக்கு நீ எழுதற தமிழ் ஓடாது, பீஸை எடுத்துட்டுப் போய்க் காட்டு போதும்னு. எனக்கு அது அப்போ விளங்கவே இல்ல. ஸ்கூல் படிச்சவரு, தமிழ் எழுத்தெல்லாம் தெரியும், அப்புறம் என்ன? யோசிச்சுப் பாத்தா தமிழை நாம காதுல வாங்கி வாங்கித்தான் கத்துக்கிட்டோம். ஒருதடவை கூட காதுல விழாத ஒரு மொழியோட "மாதிரி இல்லாம" வெறும் எழுத்துல பாத்தா எப்படி இருக்கும்? அவர் கண்ணுல பட்டது அரை இன்ச், நேவி, அடிங்க. அதத்தான் அடிச்சிருக்காரு.

சரி நாமளே கத்துக்கலாம்னு யூடியூப்ல உக்காந்தேன். டெல்லில இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம்னு 2015ல ஆரம்பிச்ச அரசாங்க மையம் ஒண்ணு இருக்கு, அவங்க போட்ட டிக்‌ஷனரில 2021லயே 10,000 சொல் வந்துருச்சு, எல்லாமே வீடியோ. நான் ஒரு மாசத்துல ஒரு இருநூறு மனப்பாடம் பண்ணிட்டேன். பெரிய சந்தோஷத்தோட அண்ணன் மெஷின் முன்னாடி போய் நின்னு ஒரு வரி முழுசா சைன் பண்ணேன். பாத்தாரு. முகத்துல ஒண்ணுமே இல்ல. திரும்பப் பண்ணேன். அவர் ஊசிக்கு நூல் கோக்கப் போயிட்டாரு.

அப்புறம்தான் ஆன்லைன் க்ளாஸ்ல சேந்தேன், வாரத்துல 3 நாள் ராத்திரி 8 மணிக்கு, ஜூம்ல. டீச்சரும் காது கேக்காதவர்தான். மொத நாள் எல்லாரும் "ஹலோ ஹலோ, வாய்ஸ் வரலை"ன்னு கத்திட்டு இருக்கோம், அவர் சிரிச்சிட்டே எல்லாரையும் மியூட்ல போட்டாரு, அதோட சரி, கோர்ஸ் முடியற வரைக்கும் ஒருத்தர் குரலும் கேக்கல. மூஞ்சிக்கு முன்னாடி லைட் வேணும், பூப்போட்ட சுடிதார் போடக்கூடாது, கேமரால இடுப்பு வரைக்கும் தெரியணும். எங்க வீட்ல கேமராவ அந்த ஒசரத்துக்கு வைக்க அஞ்சாறு பிரஷர் குக்கர் மூடி அடுக்க வேண்டியதாப் போச்சு.

மொதல்ல இங்கிலீஷ் எழுத்து. அமெரிக்கால ஒரு கைல போடுவாங்க, நம்ம ஊர்ல ரெண்டு கை. இடது கை விரல் நுனிதான் வவல்ஸ், கட்டைவிரலத் தொட்டா ஏ, ஆள்காட்டி ஈ, நடுவிரல் ஐ, மோதிரவிரல் ஓ, சுண்டுவிரல் யூ. இதுதான் எனக்குப் பிடிச்ச பாடம். பஸ்ல போறப்ப எதிர்ல வர்ற போர்டெல்லாம் மடில வெச்சே ஸ்பெல் பண்ணிட்டு வருவேன், பல்லடம், காங்கயம், அவிநாசின்னு. பக்கத்து சீட்டு அம்மா ஒருநாள் ஜெபம் பண்றேன்னு நெனச்சுட்டாங்க.

இலக்கணம் வரப்ப பயந்துட்டே இருந்தேன். ஆனா தமிழ்க்காரங்களுக்கு இது பாதி கிணறு தாண்டின மாதிரிதாங்க. "உன் பேர் என்ன"ன்னு நாம கேக்கற வரிசைலயே உன், பேர், என்ன. வினைச்சொல் கடைசில, கேள்விச்சொல் கடைசில, "இல்ல"யும் கடைசில. இங்கிலீஷ்ல யோசிச்சு சைன் பண்ற ரெண்டு ஐடி பசங்க எங்க க்ளாஸ்ல திணறிட்டே இருந்தாங்க. எனக்கு மண்டைய ஒடச்சது வேற. முகம். "சாப்ட்டாச்சு"க்கும் "சாப்ட்டாச்சா"வுக்கும் கை ஒண்ணுதான், புருவத்தத் தூக்கித் தலைய லேசா முன்னாடி கொண்டு வந்தாத்தான் கேள்வி. நமக்கு அந்த "ஆ" வாய்ல இருக்கு, அவங்களுக்குப் புருவத்துல. நான் அண்ணன்கிட்ட போய் செத்த மூஞ்சிய வெச்சுட்டு கைய மட்டும் ஆட்டியிருக்கேன், அவருக்கு அது ராகமே இல்லாம ஒப்பிக்கற பாட்டு மாதிரி இருந்திருக்கும். இத்தனைக்கும் எனக்கு எல்லாத்துக்கும் மூஞ்சியக் கோணுற பழக்கம், சின்ன வயசுல அதுக்கு அடிகூட வாங்கியிருக்கேன்.

இன்னொண்ணு, நாம பண்றது சீக்கிரம் வந்துரும், அவங்க பண்றதப் படிக்கறது வரவே வராது. கையப் பாத்தா முகம் போயிருது, முகத்தப் பாத்தா கை போயிருது. டீச்சர் சொல்வாரு, மூக்கப் பாரு, கை தானா தெரியும்னு. எனக்கு அது வர 7 மாசம் ஆச்சு. நடுவுல டிக்‌ஷனரில படிச்ச சைனப் போட்டா அண்ணன் "அது டெல்லி"ன்னு ஸ்பெல் பண்ணிச் சிரிப்பாரு. ஊருக்கு ஊர் சொல்லு மாறுது, கோயமுத்தூர்க்காரனும் மதுரைக்காரனும் மாதிரி.

இப்ப முக்கியமான கதைக்கு வரேன். க்ளாஸ் சேந்து 4 மாசம் இருக்கும். அண்ணனுக்கு காலெல்லாம் வலி, ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். எப்பவும் அவங்க பொண்ணுதான் கூடப் போகும். அவர் சம்சாரத்துக்கும் காது கேக்காது, ஒம்பது வயசுப் பாப்பாவுக்கு மட்டும் கேக்கும், வீட்டு ஓனர்கிட்ட வாடகை பேசறதுல இருந்து பேங்க் வரைக்கும் அந்தக் குழந்தைதான். அன்னிக்குப் பாப்பாவுக்குப் பரீட்சை. நான் வரேன்னு பெருமையாக் கெளம்பினேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சைகை மொழியெல்லாம் எழுதியிருக்கு, ஆனா அங்க எங்களுக்குக் கெடச்சது டோக்கன் மட்டும்தான். டாக்டர் மாஸ்க் போட்டிருந்தாரு, அண்ணனப் பாக்கவே இல்ல, "இவருக்கு எப்ப இருந்து வலி"ன்னு என்னையே கேக்கறாரு. நான் ஒவ்வொரு தடவயும் அண்ணனக் கை காட்டறேன், அவர் மறுபடி என்னையே பாக்கறாரு.

ரத்தம் டெஸ்ட் பண்ணி வைட்டமின் டி கம்மின்னு 60,000 யூனிட் பொடி பாக்கெட் எழுதினாரு. வாரம் ஒண்ணு, பால்ல கலந்து குடிங்க. நான் அண்ணனுக்கு சைன் பண்ணேன்: வாரம், ஒண்ணு, பால், குடி. அவர் புருவத்தத் தூக்கி ஏதோ ரெண்டு சைன் வேகமாக் கேட்டாரு. எனக்கு "நாள்" மட்டும் பிடிபட்டுச்சு. பின்னாடி டோக்கன் நம்பர் கூப்பிட்டுட்டு இருக்காங்க, டாக்டர் அடுத்த ஆள எட்டிப் பாக்கறாரு. நான் தலையாட்டிட்டேன்.

அவர் கேட்டது "தினமுமா?"

நாலு நாள் கழிச்சு பாப்பா வீடியோ கால் பண்ணுது, ஃபோன சொம்புல சாய்ச்சு வெச்சுட்டு, பின்னாடி டேபிள்ல நாலு காலி பாக்கெட். "அக்கா, சீட்டுல வாரத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு, அப்பா தினமும் குடிச்சிட்டாரு." வாரம் ஒண்ணு. ஒரு வாரம். நாம ஒரு சொல்ல முன்ன பின்ன மாத்திப் போட்டுத் தப்பிச்சுக்கறோம், என் சைன்ல அந்த வித்தியாசமே இல்ல. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிருச்சுங்க. வண்டிய எடுத்துட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடினேன், உடனே நிறுத்தச் சொல்லி மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்தாரு, ஒண்ணும் ஆகல. ஆனா ஒண்ணும் ஆகலங்கறது என் சாமர்த்தியம் இல்ல.

அவங்க வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேக்க. காலிங் பெல்ல அழுத்தினா உள்ள பல்பு எரியற மாதிரி வயர் இழுத்து வெச்சிருக்காங்க. அண்ணன் கதவத் தெறந்தாரு, நான் ஸாரின்னு கைய எடுக்கறதுக்குள்ள அவர் என்னப் பாத்து வாயை அகலமாப் பொளந்துட்டு விரலை நீட்டி நீட்டிப் பண்ணாரு: புரியல, தலையாட்டற, எதுக்கு? அச்சு அசல் நான் 60 பீஸுக்குக் கத்தினது. அதே மூஞ்சி, அதே விரல். அன்னிக்கு நான் கத்தினத உதட்டுலயே படிச்சிருக்காரு! பண்ணிட்டு சுவத்தப் பிடிச்சுட்டுச் சிரிக்கறாரு, சம்சாரமும் சிரிக்குது, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வருது.

அன்னிக்கு ராத்திரி சாப்பாடு அங்கதான். காது கேக்காதவங்க வீடு அமைதியா இருக்கும்னு நெனச்சா அது தப்பு, பாத்திரம் உருட்டறது, தரைய மிதிச்சுக் கூப்பிடறது, வாய்விட்டுச் சிரிக்கறதுன்னு ஒரே ரகள. வலது கைல சோறு, இடது கைல பேச்சு, வாய் நெறைய சோத்தோட பேசலாம், யாரும் திட்ட மாட்டாங்க. அண்ணன் அவர் ஸ்கூல் கதையச் சொன்னாரு, எனக்குப் புரியாத எடத்துல பாப்பா உதவிக்கு வந்துச்சு. சைன் பண்ணா ஸ்கேல்ல விரல் முட்டில அடி, உதட்டப் பாத்துத்தான் படிக்கணும். நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமில்லாம "அம்மா" சொல்லுங்க, அப்புறம் "அப்பா" சொல்லுங்க. உதடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். வாய் முன்னாடி பேப்பரப் பிடிச்சு "ப" சொன்னாப் பறக்கும், "ம" சொன்னாப் பறக்காதுன்னு வருஷக் கணக்கா சொல்லிக் குடுத்தாங்களாம். சைன்ல மீசையத் தடவினா ஆம்பள, மூக்குத்தி எடத்தத் தொட்டாப் பொம்பள, ஒரு நொடி வேல. ராத்திரி ஹாஸ்டல்ல லைட் அணைக்கறதுக்குள்ள பெரிய பசங்க சின்னப் பசங்களுக்குக் கத்துக் குடுத்ததுதான் அவரோட மொழி. பகல்ல க்ளாஸ்ல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். தலையாட்டுவோம்னாரு. ஆட்டினா வாத்தியார் அடுத்த பையன்கிட்ட போயிருவாரு.

1880ல இத்தாலி மிலான்ல ஒரு மாநாடு, அதுல பேச்சுதான் ஒசந்தது, சைகை வேண்டாம்னு காது கேக்காதவங்களோட வாத்தியாருங்க கூடித் தீர்மானம் போட்டாங்க, ஓட்டுப் போட்டவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரும் காது கேக்கறவங்க, இதை எங்க க்ளாஸ்ல டீச்சர் சொன்னப்ப எனக்குப் பரீட்சைக்குப் படிக்கற வரலாறு மாதிரிதான் இருந்துச்சு. அண்ணனோட விரல் முட்டியப் பாத்த அப்புறம் அப்படித் தோணல.

எனக்கு சைன் பேர் வெச்சதும் அன்னிக்குத்தான். இது நாமளா வெச்சுக்க முடியாது, அவங்கதான் குடுக்கணும். அண்ணன் பேரு புருவத்துல ஒரு கோடு, அங்க ஒரு தழும்பு இருக்கு. எனக்கு நல்லதா, கண்ணு சிரிப்புன்னு ஏதாவது வைப்பாங்கன்னு ஆசையா உக்காந்திருந்தேன். பாப்பா கைய முட்டியா மடக்கி நெத்திகிட்ட வெச்சு மேலயும் கீழயும் ஆட்டுச்சு. தலையாட்டி! மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க, முடிஞ்சுது.

அப்புறம் ஆஸ்பத்திரி, பேங்க், ஸ்டேஷன்னா நான் பேசப் போறதில்ல. அதுக்குன்னு படிச்சு வந்த இன்டர்ப்ரெட்டர்ஸ் இருக்காங்க, வீடியோ கால்ல பிடிக்கறோம், கெடைக்கறது கஷ்டம்தான், கெடைக்கலன்னா அப்பாயின்ட்மென்ட்ட மாத்திக்கறோம். நான் கூடப் போய் பைய வெச்சுட்டு உக்காந்திருப்பேன். லைன்ல இப்ப பேப்பர் கெடையாது, சாம்பிள் பீஸக் காட்டி சைன் பண்ணுவேன், அவர் புரிஞ்சத எனக்குத் திருப்பிச் சொல்லணும், அவர் சொன்னா நானும் திருப்பிச் சொல்லணும். நேரம் ஆகும். ஆல்டர் வர்றதில்ல.

செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழி நாள். போன வருஷம் அதுக்கு ஒரு மண்டபத்துல கூட்டம், அண்ணன் குடும்பத்தோட போனேன். நூறு பேருக்கு மேல, அத்தன பேரும் பேசிட்டே இருக்காங்க, பரிசு குடுத்தா கைதட்டல் கெடையாது, ரெண்டு கையயும் மேல தூக்கி ஆட்டறாங்க. மண்டபத்துக்கு அந்தக் கோடில இருந்து ஒரு பெரியவர் என்னப் பாத்து ஏதோ கேட்டாரு. புரியல, இன்னொரு தடவன்னேன். பண்ணாரு. மறுபடி புரியல. இன்னொரு தடவ. பக்கத்துல பாப்பா சிரிப்ப அடக்கிட்டு நிக்குது, வாயத் தெறக்கல. மூணாவது தடவதான் பிடிபட்டுச்சு, சாப்ட்டியான்னு கேட்டிருக்காரு. இல்லன்னேன். பந்தி மாடிலன்னு கை காட்டினாரு.