அப்பாவின் ஏழு

அப்பாவுக்கு வயது 68. குலசேகரம் பக்கம் இன்றும் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர். புராஸ்டேட் புற்றுநோய், "நடுத்தர ஆபத்து" என்றார் மருத்துவர். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் 8.2. புற்றுச் செல்கள் எவ்வளவு முரடு என்று காட்டும் கிளீசன் மதிப்பெண் 3+4=7. அந்த "நடுத்தர" என்ற சொல்தான் எங்களைப் படுத்துகிறது. அதிகம் என்றிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திருவனந்தபுரம் போயிருப்போம்.

ஏழிலும் இரண்டு உண்டாம். முதல் எண்தான் மிகுதியான வகை. 3+4 என்றால் சற்றுச் சாதுவான செல்களே மிகுதி. 4+3 கொஞ்சம் முரடு. "கூட்டினால் ஒன்றுதானே?" என்று கேட்ட அண்ணன், பள்ளியில் கணக்கு ஆசிரியர்! அப்பாவுக்கு முரடான நான்காம் வகைச் செல்கள் 5 சதவீதம்தான்.

பிரிட்டனில் 1,643 பேரிடம் நடந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-இல் வெளியானது. கண்காணிப்பு (உடனே சிகிச்சையில்லாமல் பரிசோதனைகளால் கவனித்து வருவது), அறுவை, கதிர்வீச்சு எதுவானாலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூவர். ஆனால் நோய் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 5. உடனே சிகிச்சை வேண்டும் என்று நிற்கும் அண்ணன் இந்த 9.4-ஐ விடவே மாட்டேன் என்கிறான். ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்த ஆபத்துக்காரர்கள், அப்படியிருந்தும் இவ்வளவு என்பதும் அவன் பக்கத்துக்கே பலம்.

அப்பாவின் கவலை வேறு. அறுவைக்குப் பின் சிறுநீர் கசிந்தால் மரத்தடியில் எப்படிக் குனிவது? நேற்று வெட்டுக்கத்தியைத் தீட்டியபடியே சொன்னார்: "பட்டையோடு நிற்க வேண்டும் மக்களே. கத்தி உள்ளே தடியில் பட்டால் அந்தக் காயம் எளிதில் ஆறாது."

இப்போதைக்குக் கண்காணிப்பு. அடுத்த பி.எஸ்.ஏ. பரிசோதனை மூன்று மாதம் கழித்து. அம்மா நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டார். அண்ணன் இன்னும் அப்பாவிடம் பேசவில்லை.