எண்ணிக்கை குறைந்த கால் மணி நேரம்

"சார், கூட்டம் விட்டுடுச்சு. நிமிஷத்துக்கு முப்பது பேர்தான் போறாங்க."

"சரிப்பா, எழுதிக்கோ. டீ குடிச்சிட்டு வா."

மாசி மகத்தன்று, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகும் தெருவில் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்த மாணவருக்கும் எனக்கும் போனில் நடந்த பேச்சு இவ்வளவுதான். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் என் பதில் இன்னும் உறுத்துகிறது.

அவர் எண்ணியது தப்பில்லை. வலது கையில், அமுக்க அமுக்க எண் ஏறும் ஒரு கவுன்ட்டர் கடல் பக்கம் போகிறவர்களுக்கு, இடது கையில் இன்னொன்று திரும்புகிறவர்களுக்கு. சாக்பீஸ் கோடு கால்மணி நேரத்தில் மணலோடு அழிந்துவிடும் என்பதால், மின்கம்பத்திலிருந்து எதிர்வீட்டுச் சுவர் முனைவரை கண்ணாலேயே ஒரு கோடு. நிற்பது மொட்டை மாடியில். தோளில் உட்கார்ந்த குழந்தையும் ஒரு தலை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கக் கூடாது. குமிழைத் திருகும் நேரத்தில் பத்துப் பேர் போய்விடுவார்கள். ஓடுகிற எண்ணை அப்படியே எழுதி, பிறகு கழித்துக்கொள்ள வேண்டும். எண் 9999-ஐத் தாண்டி 0000-க்கு வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி. நொடிக்கு 2 தலைக்கு மேல் போனால் கட்டைவிரல் தடுமாறும், திசைக்கு ஓர் ஆள் வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

சொல்லிக்கொடுக்காதது ஒன்று. கோட்டைத் தாண்டுகிறவர்களை எண்ணினால் ஓட்டம்தான் தெரியும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பது. நெரிசல் தெரியாது. கடைகள் போக அங்கே நடக்கக் கிடைத்த அகலம் 3 மீட்டர். நிமிடத்துக்கு 30 பேர் என்றால் மீட்டருக்கு 10 பேர். ஆளுக்கு 7 சதுர மீட்டர் இடம் இருந்து, எல்லாரும் சாதாரணமாக நடந்தாலும் இந்த எண் வரும். சதுர மீட்டருக்கு 5 பேர் அடைந்து, நிமிடத்துக்கு 2 மீட்டர் நகர்ந்தாலும் இதே எண்தான் வரும். சமதரையில் மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் என்பது பிரிட்டனில் மைதானங்களுக்குப் பின்பற்றும் உச்ச அளவு. அதை நெருங்கியபின் ஆள் சேரச் சேர ஓட்டம் கூடாது, இறங்கும். கூட்டம் கலைந்தாலும் எண் இறங்கும், இறுகினாலும் இறங்கும்.

அன்று இறுகித்தான் இருந்தது. தெருமுனையில் சாமி நின்று ஆரத்தி காட்டிக்கொண்டிருந்தார்கள், போனவர்கள் எல்லாம் கும்பிட்டபடி அப்படியே நின்றுவிட்டார்கள். அரை மணி முன்பு 120 வந்த கோட்டில் 30 என்றதும் "தலையெல்லாம் நகருதா, நிக்குதா?" என்று கேட்டிருக்க வேண்டும். மயிலம் முருகன் மாதிரி பெரிய சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது ஓட்டம் நிற்கும் என்பது தெரியாதவன் இல்லை நான். படிவத்தில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படிவத்தைப் போட்டதும் நான்தான்.

உள்ளே போனவர்களில் வெளியே வந்தவர்களைக் கழித்தால் கரையில் நிற்பவர்கள் கிடைப்பார்களே என்று கேட்கலாம். இங்கே அது சரிப்படாது. தலை முழுகியவர்கள் வந்த வழியே திரும்புவதில்லை, ஈரத்துணியோடு கரையோரமாகவே குருசுக்குப்பம் பக்கம் நடந்துவிடுகிறார்கள். கணக்கில் அவர்கள் சாயங்காலம்வரை கடலோரத்திலேயே நிற்பார்கள்.

அறிக்கையில் அந்த வரியை மாற்றவில்லை. எண்ணியது எண்ணியதுதான், கைவைத்தால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப முடியாது. இது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வரைபடத்தில் அந்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. அடுத்த வருஷம் தண்ணீர் லாரியையோ ஆம்புலன்ஸையோ உள்ளே விட நேரம் குறிப்பவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் குறிப்பார். அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டேன். அதை எத்தனை பேர் படிப்பார்கள்?

இப்போது படிவத்தில் இன்னொரு கட்டம் உண்டு. கம்பத்துக்கும் வீட்டு வாசல் கேட்டுக்கும் நடுவே 2-க்கு 2 மீட்டரை முன்கூட்டியே டேப் வைத்து அளந்து, கால்மணிக்கு ஒருதரம் அதற்குள் எத்தனை தலை என்று எழுத வேண்டும். 8 என்றால் நெருக்கிக்கொண்டாவது நடக்கலாம். 20 என்றால் அவரவர் கால் அவரவர் சொல் கேட்காது. அந்தத் தலைகளை எண்ணும் நேரத்தில் கோட்டைத் தாண்டுகிறவர்கள் விட்டுப்போகிறார்கள், ஓட்டக் கணக்கு முன்னைவிடக் கொஞ்சம் கெட்டிருக்கிறது. பக்கத்தில் "நடக்கிறார்களா, நிற்கிறார்களா" என்றும் ஒரு கட்டம் வைத்தோம். ஒத்திகையில் எல்லாத் தாளிலும் "நடக்கிறார்கள்" என்றே டிக் வந்திருந்தது. அடி அடியாக நகர்வதும் நடைதானே சார் என்றார் ஒரு மாணவி.