மார்கழிக் காலையில் முரண்டு பிடிக்கும் டீசல் வண்டி: எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது

குளிரில் வண்டி எடுக்கவில்லை என்றதும் கடைக்குப் போய் டீசலில் கலக்கும் ஏதோ ஒரு அடிட்டிவ் பாட்டிலை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அதில் வேலையே வேறான இரண்டு வகை உண்டு.

ஒன்று ஆன்ட்டி ஜெல். குளிரில் டீசலுக்குள் உருவாகும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். மெழுகு அடைத்த வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். கொஞ்ச தூரம் போய் இழுவை செத்து நிற்கும். பாளையங்கோட்டையில் விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஆன்ட்டி ஜெல் வெட்டிச் செலவு. காஷ்மீருக்கு லோடு ஏற்றுகிறவர்களுக்கு அவசியம் தேவை. அதையும் குளிர் தொடங்கும் முன்பே டேங்கில் ஊற்றி, அதன் மேல் டீசல் நிரப்ப வேண்டும். ஏற்கெனவே கட்டிய மெழுகை அது கரைக்காது. லடாக்குக்கென்றே இந்தியன் ஆயில் 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது.

மற்றது சீட்டேன் இம்ப்ரூவர். டீசல் சீக்கிரம் பற்ற உதவும். உள்ளிருக்கும் சரக்கு பெரும்பாலும் 2-எத்தில்ஹெக்ஸில் நைட்ரேட். கலப்பில்லாத சரக்கென்றால் 40 லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி. கடை பாட்டிலில் லேபிள் அளவைத் தாண்டாதீர்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பி.எஸ்.6 டீசலிலேயே சீட்டேன் எண் (எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதன் அளவு) குறைந்தது 51 இருப்பதால் பெரிய மாற்றம் தெரியாது.

குளிரும் மலையில், மாஞ்சோலை, ஊத்து பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் முதலில் சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக்கின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள்: நல்ல பிளக் 2 ஓமுக்குள் காட்டும், எரிந்துபோனது ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று காட்டும். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை, பெரும்பாலும் லைனில் காற்று. டீசலைக் கையால் பம்ப் செய்யும் ஹேண்ட் பிரைமரை அமுக்கி இறுகுகிறதா பாருங்கள். டீசல் லைனை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷரைப் பழையதே திரும்பப் போட்டிருந்தால் அங்கேதான் காற்று இழுக்கும். செல்ஃப் அடிக்கையில் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எந்த பாட்டிலும் காப்பாற்றாது.

மண்ணெண்ணெய் மட்டும் கலக்கவே கூடாது. இப்போதைய டீசல் வண்டிகளில் உள்ள காமன் ரெயில் உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் மசகு. அது குறைந்தால் பம்ப் தேய்ந்து, இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரை போகும். குளோ பிளக் உள்ள வண்டியில் ஈதர் ஸ்பிரே அடிப்பதும் ஆபத்து. பிளக் சூட்டில் பற்றி வெடித்து பிஸ்டனையே உடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்குக்குள் தண்ணீர் சேரும். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித்திருகை வாரம் ஒருமுறை திறந்து, சுத்த டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள்.