பல் கோக்காத பற்சக்கரங்கள்

சென்ற மாதம் செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த பார்சலில் ஒரு பித்தளைக் கடிகாரம் இருந்தது. ‘ஸ்டீம்பங்க்’ என்று இணையக் கடையில் விளம்பரம் செய்திருந்தார்கள். மூடியில் ஏழு சிறு பற்சக்கரங்கள் பதிந்திருந்தன. மீட்டர்கேஜ் ரயில் காலத்தில் கொல்லம் பாதையில் நீராவி இன்ஜினில் ஃபயர்மேனாக இருந்த என் மாமா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு சக்கரத்தை நகத்தால் தள்ளினார். அது அசையவில்லை, பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். “இது எதத்தாம்ல சுத்துது?” என்று கேட்டார்.

இந்தக் கற்பனை வகையில் வரும் எந்த நூலையும் படத்தையும் அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கொண்டுதான் அளக்கிறேன். பெட்ரோல் இன்ஜினும் கணினியும் வருவதற்குப் பதிலாக நீராவியும் பித்தளையுமே உலகை ஆண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே இவ்வகையின் அடிப்படை. 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் எழுத்தாளர் ‘லோகஸ்’ என்னும் அறிவியல் புனைகதை இதழுக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாக வைத்த ‘ஸ்டீம்பங்க்’ என்னும் பெயர், அப்படியே நிலைத்துவிட்டது.

வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் எழுதிய ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ நாவல், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜின் கணக்குப் பொறி அவர் காலத்திலேயே வெற்றி பெற்றதாகக் கொண்டு 1855ஆம் ஆண்டு லண்டனைக் காட்டுகிறது. கதை எனக்கு ஓரளவுக்குமேல் சலித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1991இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் பாபேஜின் வரைபடங்களை வைத்தே சுமார் 4,000 உறுப்புகள் கொண்ட ஒரு பொறியின் கணக்கிடும் பகுதியைக் கட்டி, கைப்பிடியைச் சுற்றி, சரியான விடையையும் பெற்றது. மாமாவிடம் காட்டத் தகுந்த சக்கரங்கள் அவை.

இவ்வகையின் மூதாதை என்று பலரும் சொல்லும் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் கதையில் வரும் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலோ நீராவியில் ஓடவே இல்லை. கடல்நீரிலிருந்து பிரித்த சோடியத்தைக் கொண்டு மின்சாரம் எடுத்தே அதன் கேப்டன் நீமோ அதை ஓட்டுகிறார். அந்த நீமோ யார் என்பதை 1875இல் முடிந்த ‘மர்மத் தீவு’ நாவல்தான் சொல்கிறது: ஆங்கிலேயருக்கு எதிரான 1857 எழுச்சியில் பங்கெடுத்துத் தோற்ற புந்தேல்கண்டு இளவரசர் தக்கார். முதலில் ரஷ்யர்களைப் பழிவாங்கும் போலந்துப் பிரபுவாகவே அவரைப் படைக்க வெர்ன் எண்ணியிருந்தார். பதிப்பாளர் எட்செல் அதற்கு ஒப்பவில்லை. 1954இல் வந்த டிஸ்னி படம் நாட்டிலஸுக்கு ஆணி அறைந்த இரும்பு உடலைத் தந்து இவ்வகையின் தோற்றத்தையே வகுத்தது. ஆனால் நீமோவாக நடித்தவர் ஜேம்ஸ் மேசன் என்னும் ஆங்கிலேயர். ஓர் இந்தியர், நசீருதீன் ஷா, அந்த வேடத்தை ஏற்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் படமும் சுமார்தான்.

லண்டன் வாசகருக்குக் கனவாக இருக்கும் இந்த இரும்பு, எங்கள் பக்கம் நடந்துபோகும் வழி. புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877இல் எழுந்த தூக்குப் பாலம் இன்னும் நிற்கிறது. கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தின் வழியே 1904இல் ரயில் வந்தபோது விக்டோரியா ராணி இறந்து மூன்று ஆண்டாகியிருந்தது, ஆகவே அது இவ்வகைக்குரிய விக்டோரியா காலமல்ல என்று யாரேனும் திருத்தலாம், திருத்தட்டும். மீட்டர்கேஜ் காலத்தில், முன்னும் பின்னும் இன்ஜின் பூட்டி மலையேறும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். அந்தக் கரியை வாரிப் போட்டவர்களில் ஒருவர்தான் மாமா. அவர் வலது முன்கையில் மயிர் சரியாக முளைக்காத ஓர் இடம் இருக்கிறது. தொப்பிக்குமேல் மாட்டும் கண்ணாடியையும் தோல் இடைவாரையும் விரித்து விரித்து எழுதும் நாவல்கள் பல, கரி வாருகிறவனுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

விதிவிலக்காக நான் கருதுவது, 1986இல் ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘காசில் இன் த ஸ்கை’. சென்ற ஞாயிறு அதை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். சுரங்கத்தில் குழாய் வெடித்து ஆவி பீறிட, மேஸ்திரி அதை அடைக்கப் போராடும்போது, பாசு என்னும் சிறுவன் லிஃப்ட்டை இயக்கும் காட்சி வந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த மாமா முன்னால் நகர்ந்து, “பயலுக்குக் கைப்பதம் தெரியுது” என்றார். பிறகு கோட்டை வானத்தில் மிதந்து வந்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார்.