நம்ம மண்ணுக்குன்னு ஒரு பத்திரிகை

ரொம்ப நாளா மனசுல கெடக்குற ஆசை இது, எழுதினாத்தான் ஒரு உருவம் வரும்னு எழுதுறேன். கொஞ்சம் நிலம், ஒரு மாடு, நாலு கோழி, கொல்லையில காய்கறின்னு வாழ்றவங்களுக்கும் அப்படி வாழ ஆசைப்படுறவங்களுக்கும் ஒரு பத்திரிகை கொண்டு வரணும். வருஷத்துக்கு நாலு இதழ் போதும். ஆடி, ஐப்பசி, தை, சித்திரை.

விவசாயப் பத்திரிகைக்கா பஞ்சம், பசுமை விகடனே 2007லேர்ந்து வருதேன்னு கேப்பீங்க. நானும் படிக்கிறேன், நெறைய கத்துக்கிட்டேன். ஆனா ஏக்கருக்கு எவ்வளவு லாபம்னு சொல்ல ஆள் இருக்காங்க, அந்த நிலத்தை வச்சு ஒரு வீட்டை வருஷம் பூரா எப்படி ஓட்டுறதுன்னு சொல்றவங்கதான் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. துவரைக்கு செம்மண்ணைக் கரைச்சுப் பூசி காயவச்சு எடுத்து வச்சா வண்டு அண்டாது, எங்க பக்கத்து பெரியவங்களுக்கு அது கைப்பழக்கம், ஆனா மண்ணு எவ்வளவு, எத்தனை நாள் வெயில், அடைமழை முடிஞ்சதும் திரும்ப எடுத்து காயவைக்கணுமா, இதையெல்லாம் பொறுமையா கேட்டு எழுதி வைக்கணும்ல? விதைக்கு விட்ட பீர்க்கங்காய எப்ப பறிக்கிறதுன்னு கேட்டா "ஆட்டிப்பாரு, சத்தம் வரும்"ங்கிறாங்க. அந்த சத்தத்தை எழுதணும்.

அதுவும் நம்ம ஊரு மண்ணு ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. பண்ருட்டி பக்கம் செம்மண்ணு, முந்திரியும் பலாவும். பாகூர் பக்கம் வந்தா ஏரிப் பாசனம், நெல்லு. கடலோரம் மணலு. எல்லாமே கடலூர்லேர்ந்து ஒரு மணி நேர பஸ்சுக்குள்ள.

முதல் இதழ்ல என்ன வரணும்னு முடிவு பண்ணிட்டேன். 2011 டிசம்பர் 30 அன்னிக்கு எங்க பக்கம் அடிச்ச 'தானே' புயல்ல முந்திரியும் பலாவும் தோப்பு தோப்பா சாஞ்சுது. ஒட்டு முந்திரி காய்ப்புக்கு வரவே மூணு வருஷமாவது ஆகும், விதையில மொளைச்ச பலான்னா ஏழெட்டு வருஷம். அந்த இடைப்பட்ட வருஷங்கள்ல அந்தக் குடும்பங்க என்ன வெதைச்சாங்க, எதை வித்தாங்க, அடுப்புல என்ன வெந்துச்சு? புயல் வந்தப்ப எல்லாரும் எழுதினாங்க. அதுக்கப்புறம் நடந்த அந்த வாழ்க்கைதான் எனக்கு வேணும், கன்னு வாங்கி நட்டு தண்ணி ஊத்தினவங்க வாயாலயே.

அமெரிக்காவுல ஓஹியோவுல 1970ல ஒரு புருஷன் பொண்டாட்டி, கையில இருந்த கொஞ்ச காச வச்சு மதர் எர்த் நியூஸ்னு ஒரு பத்திரிகைய ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் வருது. நம்மளால முடியாதா என்ன. பத்திரிகைய அரசாங்கத்துல பதிவு பண்ற வேலையும் இப்ப அதுக்கான 2023 சட்டம் வந்தப்புறம் ஆன்லைன்லயே, பிரஸ் சேவா போர்ட்டல்ங்கிற அரசாங்க இணையதளத்துல. காசுக்குத்தான் வழி பாக்கணும். பூச்சிமருந்து விளம்பரமும் மனைப்பிரிவு விளம்பரமும் வாங்க மாட்டேன், அதுல மட்டும் உறுதியா இருக்கேன், வயல பிளாட்டு போடுறவங்க காசுல வயலப் பத்தி எழுத எனக்கு மனசு வராது. அதனால சந்தாதான். கலர் வேணாம், கருப்பு வெள்ளையில 48 பக்கம், போட்டோவுக்கு பதிலா கோட்டோவியம். புதுச்சேரி காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தையில ஒரு ஓரமா துணிய விரிச்சு நானே உக்காந்து விப்பேன்.

வர்ற சனிக்கிழமை பண்ருட்டிகிட்ட இருக்குற காடாம்புலியூர் பக்கம் போறேன், நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு.