ஊசி நூல் இல்லாமல் ஒரு பறவை வேடம்

குழந்தைகளுக்கு மாறுவேட உடை செய்யத் தையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை; வெட்டினால் நூல் பிரியாத துணியைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்பதை என் மகளுக்குப் பறவை வேடம் செய்தபோது உணர்ந்தேன். பழைய டி-சர்ட்டின் கைகளையும் முன்பக்கத்தையும் வெட்டி நீக்கி, கழுத்துப் பட்டையை மட்டும் விட்டுவைத்தால், முதுகுப்பகுதி அப்படியே மேலங்கியாகிவிடும். அதன்மேல், ஃபெல்ட் துணியில் (இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த, வெட்டினால் நூல் பிரியாத துணி) இலை வடிவில் வெட்டிய இறகுகளைக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல்நுனியை மறைக்கும்படி, துணிப் பசையால் ஒட்டிக்கொண்டே மேலேறினேன். பசை முழுவதும் காயும்வரை அணிவிக்கக் கூடாது. கழுத்துப் பட்டையை முன்புறம் வெட்டி, துணியில் ஒட்டும் வெல்க்ரோவால் (அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் பிரியும் பட்டை) இணைத்துவிடுங்கள்; விளையாடும்போது மேலங்கி எதிலாவது சிக்கினாலும் கழுத்தை இறுக்காமல் கழன்றுவிடும் என்பதால், இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பார்வையை மறைக்கும் முகமூடியைவிடத் தலைப்பட்டையில் ஒட்டிய பறவைக் கொண்டையே எனக்குப் பிடித்தது.