லிஸ்பனில் எழுதிய மொய்

நவம்பர் 11, 1444. ஒரு நாட்டை எடுத்து ஆளுகிற கம்ப்யூட்டர் விளையாட்டான யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 விளையாடுகிறவர்களுக்கு இந்தத் தேதி மனப்பாடம். ஆட்டம் அன்றைக்குத்தான் தொடங்கும். போன சனிக்கிழமை ராத்திரி நான் போர்ச்சுகலை எடுத்தேன். காரணம் சோம்பேறித்தனம்தான். ஐரோப்பாவின் மூலையில் கிடக்கிற நாடு, அங்கே எல்லையில் காஸ்டீலை (இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதி) தவிர ஆளே கிடையாது, ராஜா அஃபோன்சோவுக்கு வயது 12. கப்பல் விட்டோமா, தீவு பிடித்தோமா என்று பொழுது போய்விடும் என நினைத்தேன்.

கூட்டாளியாக இங்கிலாந்து முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆட்டத்துக்காகக் கட்டிவிட்ட கதையில்லை இது. 1386-இல் விண்ட்சரில் போட்ட ஒப்பந்தம், இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. வரலாற்றுக்கு அது பெருமை. எனக்கு வினை.

சில வருடங்களில் ஓலை வந்தது. பிரெஞ்சு மண்ணில் தன் கையிலிருந்த மேன் மாகாணத்தை பிரான்ஸுக்குத் தர மாட்டேன் என்று இங்கிலாந்து முறுக்கிக்கொண்டதாம், போருக்கு நானும் வர வேண்டுமாம். (நிஜ இங்கிலாந்து 1448-இல் விட்டுக்கொடுத்துவிட்டது. அவர்களுக்கு இருந்த புத்தி கம்ப்யூட்டருக்கு இல்லை.) மறுத்தால் கௌரவத்தில் 25 புள்ளி போகும், கூட்டணியும் முறியும். சரி, தொலைகிறது என்று சம்மதம் சொல்லும் பச்சை பட்டனை அழுத்தினேன்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. இங்கிலாந்துப் படை லண்டனை விட்டு நகரவில்லை. பிரெஞ்சுப் படையோ காஸ்டீல் வழிவிட, பைரனீஸ் மலையைத் தாண்டி நேரே என் ஊரான போர்ட்டோவில் வந்து உட்கார்ந்தது. அவர்கள் முப்பதாயிரம் பேர், நாங்கள் பத்தாயிரம்.

"என்னங்க, மணி ஒண்ணாகுது. யாரோட சண்டை?"

"பிரான்ஸோட."

"நமக்கும் அவங்களுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல. இங்கிலாந்துக்கும் அவங்களுக்கும்தான்."

"இங்கிலாந்து எங்க?"

"வீட்டுல இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மொய் நீங்க வைக்கிறீங்க, பந்தியில அவங்க உட்கார்றாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சமாதானம் ஆனதை நான் ஓர் அறிவிப்பில்தான் படித்தேன். போருக்குத் தலைமை தாங்குகிறவர்தான் பேச்சுவார்த்தைக்கும் போவார். கூட வந்தவன் நிலத்தையும் அவர் எழுதிக்கொடுக்கலாம். இங்கிலாந்து மேன் மாகாணத்தோடு சேர்த்து என் போர்ட்டோவையும் கொடுத்துவிட்டு வந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போகட்டும், நமக்கும் ஒரு நாள் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மொராக்கோமேல் போருக்கு ஆயத்தமானேன். நாமாகத் தொடங்குகிற போருக்குக் கூட்டாளியைக் கூப்பிட 10 தயவுப் புள்ளி வேண்டும். அசல் மொய் நோட்டேதான்: வைத்தவனுக்குத்தான் திரும்பி வரும். வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். இங்கிலாந்தின் பெயர்மேல் மவுஸை வைத்தால், வருவதற்குக் காரணமாகப் பச்சையில் ஒரு வரி: நெடுநாள் நட்பு. அதற்குக் கீழே வராததற்குக் காரணங்கள், வரிசையாகச் சிவப்பு. கடன் இருக்கிறது. போர்க் களைப்பு. போர் நடக்கிற இடம் ரொம்ப தூரம். தூரமாம்! போர்ட்டோ பக்கத்தில் இருந்தபோது மட்டும் என்ன கிழித்தார்கள்?

தனியாகவே போய், தனியாகவே அடி வாங்கித் திரும்பினேன்.

ராத்திரி இரண்டரைக்குத் திரையில் மறுபடியும் அதே ஓலை. இங்கிலாந்து ஸ்காட்லாந்தை அடிக்கப் போகிறது, வா என்கிறது. ஸ்காட்லாந்தின் கூட்டாளி யார் என்று பார்த்தேன். பிரான்ஸ். ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த 25 புள்ளியையே வெறித்துக்கொண்டிருந்தேன். பச்சை பட்டனின் கிளிக் சத்தம் கேட்டதும் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எழுதியாச்சா?"